பதினோரு நிமிடத்தில் நாலு

ஹைதராபாத் பாலாநகரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் குறை கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்கினேன். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. விமான ரேடியோக்களுக்குள் பொருத்துகிற டிரான்ஸ்ஃபார்மர்கள், கம்பி சுற்றுகிற வைண்டிங் பிரிவிலிருந்து தட்டுத் தட்டாக என் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் கொடுத்து, ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை அதன் தலையில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பேன். உள்ளே தகடுகள் இறுக்கமாக இருந்தால் அது வாயைத் திறக்காது. தளர்ந்திருந்தால் முனகும். முனகினால் சிவப்புச் சீட்டு. அளப்பதற்கு மீட்டர் இருந்தது. மீட்டர் சொல்வதற்கு முன்னால் என் காது சொல்லிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

இந்தக் காதை வேலை முடிந்ததும் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வர முடியவில்லை. லோத்குண்டாவில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் முனகியபோது நாலாக மடித்த அட்டையை அடியில் செருகினேன். அடுத்த வீட்டு ஃபிரிட்ஜ் முனகியபோது அங்கேயும் போய்ச் செருகினேன். ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் மைக் செட் 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது நான் பந்தலுக்குப் பின்னால் எர்த் வயரை முறுக்கிக் கொண்டிருந்தேன். "தாலி கட்டினதைப் பாக்கலை, எர்த் கட்டினதைப் பாத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள் என் மனைவி. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. முனகல் கேட்டால் என் கை என்னைக் கேட்காமலே நீளும். பழக்க தோஷம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டுக் கலாச்சார மையத்தார் ஹைதராபாத்தில் ஐந்து நாள் விழா ஒன்று நடத்தினார்கள். புதுவகை இசை, மின்னணுக் கலை, கம்ப்யூட்டர் படம் எல்லாம் அதில் உண்டு. அதற்குச் சில கருவிகள் தேவைப்பட்டன. ஊரில் அவை எங்கள் தொழிற்சாலையில்தான் இருந்தன. மின் அலைகளை உண்டாக்கும் ஆசிலேட்டர்கள் நான்கு, அந்த அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இரண்டு, பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று. கொடுப்பதாக மேலிடம் ஒப்புக்கொண்டது. ஆனால் திரும்பி வரவேண்டிய பொருள் என்று கேட் பாஸ் போட்டு வெளியே போகிற கருவியோடு தொழிற்சாலை ஊழியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு கருவி எரிந்தாலும் கையெழுத்துப் போட்டவன் தலைதான் உருளும். கையெழுத்துப் போட்டவன் நான். இப்படித்தான் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக ஒரு கலைவிழாவுக்குப் போனேன், டியூட்டியில்.

கருவிகளைத் தேர்ந்தெடுக்க விழா நிர்வாகி நேரில் வந்தார். தாடி வைத்த, ரொம்ப உயரமான வெள்ளைக்காரர். நான் ஒதுக்கிவைத்த டிரான்ஸ்ஃபார்மர்கள் எட்டு, நாள் முழுக்கச் சூடு தாங்குகின்றனவா என்று பார்ப்பதற்காக ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தன. எட்டும் எட்டு மாதிரி முனகிக்கொண்டிருந்தன. அந்த மனிதர் அவற்றின் முன்னால் குந்தி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இதைச் செய்தது யார் என்று கேட்டார். குற்றவாளியைக் கேட்கிறார் என்று நினைத்து வைண்டிங் பிரிவிலிருந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அரக்கோணத்துக் குடும்பம். ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். தமிழோடு தெலுங்கும் ஊர் உருதும் தாராளமாகக் கலந்து பேசுவாள். நான் சிவப்புச் சீட்டு கட்டினால் மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவள் மட்டும், "எந்த மாதிரி முனகுது சார்?" என்று கேட்டு என் கையிலிருந்து குச்சியை வாங்கிக் கேட்டுப் பார்ப்பாள்.

"நல்லாத்தானே இருக்குது சார்" என்பாள்.

"நல்லா இருக்கா? ரிஜெக்ட்மா அது."

"ரிஜெக்ட்தான் சார். கேக்கறதுக்கு நல்லா இருக்குதுன்னேன்."

தாடிக்காரரோடு அவள் தன் ஆங்கிலத்தில் என்னவோ பேசினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். விழாவின் கடைசி நாள் பிற்பகல், உள்ளூர்க்காரர்களுக்கான வேளையில் பதினோரு நிமிடம் அவளுக்கு என்று முடிவாயிற்று. அந்த எட்டு முனகல்களையும் வைத்து அவள் ஓர் இசை அமைக்க வேண்டும். மேலிடத்துக்கு மகிழ்ச்சி. பெண் ஊழியரின் கலைநிகழ்ச்சி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். நான் நிராகரித்த எட்டுக்கும் நானே கேட் பாஸ் எழுதினேன்.

இதற்கெல்லாம் நீ எப்படி ஒப்புக்கொண்டாய் என்று கேன்டீனில் வைத்துக் கேட்டேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"எங்க அப்பாவுக்காகத்தான் சார்."

அவளுடைய அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கொதிகலன் பிரிவில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நீராவி எஞ்சினின் கொதிகலனுக்குள் நுழைந்து உட்கார்ந்து, ரிவெட் ஆணியின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வது அவர் வேலை. வெளியிலிருந்து இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒரு நாளைக்கு எத்தனை ஆணி, எத்தனை அடி என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். இவள் எட்டாவது படிக்கும்போதே அவருக்குக் காது போய்விட்டது.

"என் சின்ன வயசுக் கொரல்தான் சார் அவருக்கு ஞாபகம் இருக்குது. இப்ப நான் எப்படிப் பேசறேன்னு தெரியாது. ஆனா ஒரேயடியாப் போகல. அடியில வர்ற சத்தம் கேக்குது. குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப கூட்ஸ் வண்டி வந்தா எங்களுக்கு முன்னாடி அவர்தான் சொல்லுவாரு. லோத்குண்டாவுக்கு வீடு மாத்தினப்புறம் அதுவும் இல்ல. ஆயுத பூஜைக்கு நம்ம ஃபேக்டரிக்குக் கூட்டினு வந்தேனே, கம்ப்ரஸர் ரூம் செவுத்துல கையை வெச்சுக்கினு அரை மணி நேரம் நின்னாரு. சிரிச்சுக்கினே நின்னாரு சார்."

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். மிச்சம் இருக்கிற அந்த அடிச்சத்தமும் ஒருநாள் போய்விடும், எப்போது என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கும் அது தெரியும். கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டவர், அதுவும் போவதற்குள் மகள் செய்த ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சக ஊழியர், "அப்ப செவிடன் காதுல சங்கு ஊதப் போறேன்னு சொல்லு" என்றார். மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள், அது வேறு விஷயம். நான் சிரித்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

விழா நாம்பள்ளிப் பக்கம் ஒரு பழைய அரங்கத்தில் நடந்தது. எனக்கு மேடையின் பக்கவாட்டில், திரைச்சீலைக்கு உள்ளே, ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரும் அதன் பிளக்கும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. முதல் நாள் ஒருவர் குழாயில் நீர் சொட்டுவதையும் கூட்ஸ் வண்டி போவதையும் டேப்பில் பிடித்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினார். எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் குடும்பத்தோடு வந்திருந்தவர்கள், அவர் இன்னும் சுருதிதான் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று அரை மணி நேரம் பொறுமையாக முறுக்கு தின்றார்கள். நடுவில் ஒரு இடத்தில் சத்தம் நின்றது. அப்பாடா என்று பலமாகக் கைதட்டினார்கள். அது நிகழ்ச்சியின் நடுப்பகுதியாம். கலைஞர் முகம் சிவந்துவிட்டது.

இரண்டாம் நாளிலிருந்து ஒரு பச்சை விளக்கை மேடையில் வைத்தார்கள். அது எரிந்தால்தான் நிகழ்ச்சி முடிந்ததாக அர்த்தம், அதுவரை தயவுசெய்து கைதட்டக் கூடாது, அசையவும் கூடாது என்று மூன்று மொழியில் அறிவித்தார்கள். நம் மக்கள் அறிவிப்புக்குக் கட்டுப்படுகிறவர்கள். அதிலும் பொதுத்துறைக்காரர்கள். மூன்றாம் நாள் ஒருவர் ஒரு டேப்பை ஓடவிட்டார். டேப்பில் ஒன்றுமே இல்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மைய ஊழியர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். ஆறு நிமிடம் அரங்கம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு வெறும் டேப்பைக் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள். எங்கள் பொதுமேலாளர்கூட, "ஒரு மாதிரி அமைதியா இருந்துதில்ல?" என்றார்.

வரவேற்பறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். பெருக்கல் குறியையும் சுழியையும் மாற்றி மாற்றி அடித்து ஒரு முகத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தது. அதற்குத்தான் கூட்டம். இன்னொரு பக்கம் எங்கள் ஆசிலோஸ்கோப் வட்டமும் எட்டுமாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம், யாரும் வாயைப் பிளந்ததில்லை. பிடித்ததா என்றால், பிடிக்கவில்லை. கோபமும் வரவில்லை. ஐந்து நாளும் என் கருவிகள் சூடாகாமல் இருக்கின்றனவா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

கடைசி நாள் காலையில் அவளுடைய ஒத்திகை. நான் கருவிகளைத் திருப்பி ஏற்றுவதற்கு லாரி ஏற்பாடு செய்யத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் தயாராக இருந்தன. மேடைப் பலகையில் எட்டு டிரான்ஸ்ஃபார்மர்களையும் ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தாள். இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைக் குப்புறக் கவிழ்த்திருந்தாள், சத்தம் காற்றில் போகாமல் பலகையில் இறங்கட்டும் என்று. நடுவில் ஒரு மர ஸ்டூல். அது அப்பாவுக்கு.

"சார், இன்னா நடந்தாலும் நீங்க சும்மா உக்காந்திருங்க சார்" என்றாள்.

என் சௌகரியத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்து, "நீ கவலைப்படாதேம்மா" என்றேன்.

அப்பா வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்து மட்டும் தடியாக இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. காது கேளாதவர்கள் பலர் பேசுவதுபோல உரக்க, "வணக்கம் சார், பாப்பா ஒங்களப் பத்தி நெறையச் சொல்லும்" என்றார். அரங்கமே திரும்பிப் பார்த்தது. மகள் அவரை மேடைக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாதங்களைப் பலகையில் பதித்துக்கொண்டார். சபையோருக்கு அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகத் தெரிந்திருக்கும்.

அவள் மேஜையில் சுவிட்சுகளின் முன்னால் நின்றாள். முதல் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டாள். எனக்கு அதைத் தெரியும். மூன்றாவது தட்டு, இடது ஓரம், தகடு தளர்ந்தது. இரண்டாவதைப் போட்டாள். அதையும் தெரியும். ஒவ்வொன்றாகச் சேரச் சேரப் பலகை லேசாக அதிரத் தொடங்கியது. என் நாற்காலிக் கால் வழியாகவே தெரிந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். முதல் நிமிடம் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நிமிடம் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. பிறகு தலையை மெதுவாகச் சாய்த்து, எட்டில் எது எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் பார்த்தார். நான்காவது நிமிடத்தில் மகளைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். கேட்கிறது என்று அர்த்தம். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இன்னொரு சத்தம் வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் சத்தம் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து, அடியிலிருந்து, கொழுத்த ஒரு உறுமல். அது ஏறிக்கொண்டே போனது. இருபது வருடமாக நான் வேட்டையாடிய சத்தம் அது. எர்த் விட்டுப்போனால் ஆம்ப்ளிஃபயர் போடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் எர்த் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டரின் முள் சிவப்பைத் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நின்றது. தொழிற்சாலையின் கருவி, என் கையெழுத்து. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை நீண்டது, பிளக்கைப் பிடுங்கியது. ஒத்திகையில் அவள் இணைத்திருந்தபடி எட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கும் மின்சாரம் அதே பிளக் வழியாகத்தான் போயிற்று. எல்லாம் ஒரே நொடியில் நின்றன.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அருகே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சார், அது ஃபால்ட் இல்ல. நான்தான் எர்த்தைக் கழட்டி வெச்சேன். அந்தச் சத்தம்தான் சார் மெயினு. அதான் அப்பாவுக்கு நல்லாக் கேக்கும்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொன்னா வுட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். பிளக்கை மறுபடி செருகினேன். உள்ளே பட்டென்று ஒரு சத்தம், ஃபியூஸ் போயிற்று. இருவரும் குனிந்து ஃபியூஸைக் கழற்றினோம். மாற்று ஃபியூஸ் பாலாநகரில் என் மேஜை டிராயரில் இருந்தது. கம்பி கிடைக்குமா என்று அவள் மேஜைக்கு அடியில் தேடினாள். நான் தலையை நிமிர்த்தியபோதுதான் அரங்கத்தைப் பார்த்தேன்.

யாரும் அசையவில்லை. பச்சை விளக்கு எரியவில்லை அல்லவா. இருநூறு பேரும் ஒழுங்காக உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் பொதுமேலாளர் விரலால் நாற்காலிக் கையில் தாளம்கூடப் போட்டார். தாடிக்காரரும் கண்ணை மூடியிருந்தார்.

ஸ்டூலில் அப்பா. முதலில் பாதங்களை எடுத்து மறுபடி வைத்தார். பிறகு குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் அழுத்தினார். தலையைத் தூக்கி எதிரே இருந்தவர்களைப் பார்த்தார், ஒவ்வொரு வரிசையாக. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடி பலகையைப் பார்த்தார். மகள் மேஜைக்கு அடியில் குனிந்திருந்ததால் அவரைப் பார்க்கவில்லை. அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பது எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, தனக்குத்தான் கேட்கவில்லை, டாக்டர் சொன்ன நாள் இன்றுதான் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் கையை ஆட்டினேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. கூப்பிட்டுப் பயனில்லை. எழுந்தார், செருப்பை மாட்டிக்கொண்டார், மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நுனிக்காலில் நடந்து பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனார்.

அதற்குப் பிறகு யாரோ பச்சை விளக்கைப் போட்டார்கள். நல்ல கைதட்டல். தாடிக்காரர் ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, நடுவில் அப்படி வெட்டியது எத்தனை துணிச்சல் என்றார். அவள் அவர் தோளுக்கு மேலாக வெறும் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் வெளியே ஓடினோம். அவர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். மகள் அவர் முன்னால் மண்டியிட்டு, வாயை நன்றாக அசைத்து, கையால் பிளக்கைப் பிடுங்குகிற மாதிரி காட்டிச் சொன்னாள். அவள் உதட்டை அவர் படிப்பார். படித்துவிட்டு அவள் தலையைத் தடவினார்.

"நல்லாருந்துச்சும்மா. மொதல்ல கேட்டேன். நல்லாவே கேட்டேன்."

"அது நின்னுப்போச்சுப்பா. நெஜமா நின்னுப்போச்சு."

"ஹவ், ஹவ்" என்றார், ஆமாம் ஆமாம் என்று அழுகிற குழந்தையிடம் சொல்கிற மாதிரி.

நான் சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கை எழுதிப் பழகிய கை. 'சத்தத்தை நிறுத்தியது நான். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைத் தவறுதலாகப் பிடுங்கிவிட்டேன். உங்கள் காதில் கோளாறு இல்லை.' கீழே கையெழுத்தும் போட்டேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாக இரண்டு முறை படித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கினு இருந்தாங்களே சார்" என்றார். "நான் பாத்தேனே. கண்ணை மூடிக்கினு கேட்டாங்களே."

தாளை வாங்கி அடியில் எழுதினேன். 'அவர்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.'

அதைப் படித்ததும் அவர் சிரித்தே விட்டார். "இன்னா சார் இது? எரநூறு பேரு. படிச்சவங்க. இல்லாத சத்தத்தை எதுக்கு சார் ஒக்காந்து கேப்பாங்க?"

பென்சிலைச் சட்டைப் பையில் செருகினேன். ஐந்து நாள் அந்த அரங்கத்துக்குள் இருந்தவனுக்குத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் அதை விளக்க முடியாது. நான் மீட்டரைக் கொண்டுவந்து காட்டினாலும் அவர் கேள்விதான் நியாயம். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கொதிகலனுக்குள் ஆணி பிடித்த கை, என் விரல் நொறுங்கிவிடும் போலிருந்தது.

"பெரிய மனசு சார் ஒங்களுக்கு" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "ஒரு கெழவனுக்காகப் பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கினீங்களே."

பஸ் வந்தது. இருவரும் ஏறிப் போனார்கள். எனக்கு லாரி காத்துக்கொண்டிருந்தது. கருவிகளை எண்ணி ஏற்றி, கேட் பாஸில் கையெழுத்து வாங்கி, ஃபியூஸ் ஒன்று போயிற்று என்று எழுதி முடித்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் அவள் என் மேஜைப் பக்கம் வரவில்லை. தட்டுகளை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பினாள். பிறகு ஒருநாள் அவளே வந்தாள். குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அப்பா எப்படிம்மா இருக்கார்?"

"இருக்காரு சார்."

"ஒரு தடவை இங்கே கூட்டிக்கிட்டு வாயேன். கம்ப்ரஸர் ரூம்லே நானே பெர்மிஷன் வாங்கித் தரேன். கையை வெச்சுப் பாக்கட்டும். ஒரு நிமிஷத்துலே தெரிஞ்சுடும், நான் சொன்னது நிஜம்னு."

"நானும் சொன்னேன் சார். மூணு தபா சொன்னேன். நக்கோ, வேணாம்னுட்டாரு." தட்டிலிருந்த டிரான்ஸ்ஃபார்மர்களை ஒன்றோடொன்று இடிக்காமல் நகர்த்தி வைத்தாள். "நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அந்தச் சீட்டைக் கண்ணாடிக் கூட்டுல வெச்சிருக்காரு. தெனம் எடுத்துப் படிக்கிறாரு. 'அங்க வந்து கையை வெச்சுப் பாத்து, கேக்கலைன்னு வெச்சுக்கோ, அப்பறம் இதைப் படிக்க முடியாதேம்மா'ன்றாரு."